நாட்கள் போதும், சிக்கல் கடவுச்சீட்டில்

கேள்வி: ஐயா, நான் ஸ்காபரோவில் இருக்கிறேன். ராணுவத் தடுப்பில் இருந்துவிட்டு 2010இல் கனடா வந்தவன். 2012இல் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டது, 2014இல் பிஆர் (நிரந்தர வதிவுரிமை) கிடைத்தது. குடியுரிமைக்குப் போடுவோம் போடுவோம் என்று நாள் போய்விட்டது. 2021இல் ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கடவுச்சீட்டு எடுத்தேன். அப்பாவுக்குப் புற்றுநோய் என்றதும் 2022இலும் 2023 கடைசியிலும் யாழ்ப்பாணம் போய் மாதக்கணக்கில் நின்றேன். 2024 ஏப்ரலில் அப்பா தவறிவிட்டார். 31ஆம் நாள் முடித்துத்தான் வந்தேன். 2025 ஜனவரியில் காணியை என் பெயருக்கு மாற்ற நாலு கிழமை போய் வந்தேன். நவம்பர் 30உடன் பிஆர் கார்ட் முடிகிறது. "நீ வருடத்துக்கு மேல் வெளியே நின்றவன், கார்ட் தரமாட்டார்கள், பிஆரையும் பறிப்பார்கள்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இன்னொன்று: 2018இல் ஸ்பொன்சரில் வந்த அம்மா, 2022 மார்ச்சில் என்னோடு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அவருடைய கார்ட் 2023இலேயே முடிந்துவிட்டது. வயது 71, முழங்கால் வருத்தம். என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கனடியக் குடிமக்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் நண்பர்கள் பயப்படச் சொல்கிற இடத்தில் பயமில்லை. அவர்கள் வாயே திறக்காத இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே நாட்கணக்கை முதலில் முடித்துவிடுவோம்.

நிரந்தர வதிவாளர் ஒருவர் ஐந்து ஆண்டுகளில் 730 நாட்கள் கனடாவுக்குள் இருந்திருக்க வேண்டும். இது குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. பிஆர் கிடைத்து ஐந்து ஆண்டுகள் கடந்தவருக்கு, அதிகாரி பார்க்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணும் ஐந்து ஆண்டுகள் மட்டுமே கணக்கு. நீங்கள் 2015இல் எங்கே நின்றீர்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. தொடர்ந்து ஆறு மாதம் வெளியே நின்றால் பிஆர் போய்விடும் என்பதும் வெறும் கதை. அப்படியொரு விதி இல்லை. குழப்பம் அநேகமாக ஒன்ராறியோ சுகாதார அட்டையின் விதிகளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதால் வருகிறது.

2025 செப்டம்பர் 10ஆம் திகதி விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக் காலம் 2020 செப்டம்பர் 11இலிருந்து, மொத்தம் 1826 நாட்கள். நீங்கள் அனுப்பிய பயணத் திகதிகளில் முதலாவது 2022 மார்ச் 4 புறப்பட்டு செப்டம்பர் 18 திரும்பியது. புறப்பட்ட நாளிலும் திரும்பிய நாளிலும் கொஞ்ச நேரமாவது கனடா மண்ணில் நின்றிருக்கிறீர்கள், ஆகவே அந்த இரண்டும் கனடா நாட்களாகவே எண்ணப்படும். மிச்சம் 197. இரண்டாவது 2023 நவம்பர் 20இலிருந்து 2024 ஜூன் 2 வரை. அதே முறையில் 194. மூன்றாவது 2025 ஜனவரி 11இலிருந்து பெப்ரவரி 8 வரை, 27. கூட்டினால் 418. கழித்தால் கனடாவில் நின்றது 1408 நாட்கள். தேவையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நாட்களைக் காரணம் காட்டி உங்களை மறுக்க இடமே இல்லை.

நயாகராவைத் தாண்டி அமெரிக்காவின் பஃபலோவுக்கு ஒருநாள் போய் வந்தது கணக்கைக் குறைக்காது. ஆனால் பயணப் பட்டியலில் அது இல்லாமல் போனால் பட்டியலின் மேல் சந்தேகம் வரும். 2019இலிருந்து தரை எல்லையிலும், 2020இலிருந்து விமானத்திலும், கனடாவை விட்டு வெளியேறும் எல்லோருடைய பதிவும் எல்லைச் சேவை முகவரகத்திடம் இருக்கிறது. ஆகவே ஞாபகத்திலிருந்து திகதி எழுதாதீர்கள். அதே முகவரகத்திடம் உங்கள் பயண வரலாற்று அறிக்கையைக் கேட்டு எடுத்து, கட்டுநாயக்க விமான நிலைய முத்திரைகளோடு ஒப்பிட்டு எழுதுங்கள். இரவு விமானத்தில் புறப்படுகிறவர்கள் பயணச்சீட்டுத் திகதியை எழுத, பதிவில் அடுத்த நாள் இருப்பது அடிக்கடி நடக்கும்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி.

நீங்கள் ஸ்பொன்சரில் வந்தவராகவோ தொழில் தகைமையில் வந்தவராகவோ இருந்தால் மேலே சொன்னதோடு பதில் முடிந்திருக்கும். நீங்கள் பாதுகாப்புப் பெற்ற அகதி. "என் நாட்டு அரசிடமிருந்து எனக்குப் பாதுகாப்பு இல்லை" என்று சொல்லிக் கனடாவின் பாதுகாப்பைப் பெற்ற ஒருவர், பிறகு அதே அரசின் கடவுச்சீட்டை எடுத்து அதே நாட்டுக்குப் போய் வந்தால், பழைய நாட்டின் பாதுகாப்பை மறுபடி தானாக ஏற்றுக்கொண்டார் என்று கனடிய அரசின் சார்பில் அமைச்சர் தரப்பு வாதிடலாம். சட்டத்தின் 108ஆம் பிரிவு இது. வழக்கறிஞர்கள் செசேஷன் என்பார்கள், பாதுகாப்பை முடிவுறுத்தல். முன்பெல்லாம் இது நடந்தாலும் அகதி அந்தஸ்து மட்டும்தான் போகும், பிஆர் நிற்கும். 2012 டிசம்பர் 15இலிருந்து அப்படியில்லை: அகதிக் கோரிக்கைகளைத் தீர்மானிக்கும் அகதிகள் சபையின் அகதிகள் பாதுகாப்புப் பிரிவு, அமைச்சரின் விண்ணப்பத்தை இந்தக் காரணத்தில் ஏற்றுக்கொண்டால் பிஆரும் கூடவே போகிறது, நாட்டில் இருக்கத் தகுதியற்றவராகவும் ஆகிவிடுகிறீர்கள். நாட்கள் குறைந்தவருக்குக் கிடைக்கும் மேன்முறையீடு இங்கே கிடையாது. மத்திய நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு நீதிமுறை மீளாய்வுக்குப் போகலாம். அதற்கும் முடிவு கையில் கிடைத்து 15 நாட்கள்தான்.

பத்து வருடம் பிஆராக இருந்துவிட்டேன், இனி என்ன செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம். இதற்குக் காலவரம்பு கிடையாது. இந்த விஷயம் அதிகாரிகளின் கண்ணில் படுவது பெரும்பாலும் விமான நிலையத்தில், அல்லது கார்ட் புதுப்பிக்கவோ குடியுரிமைக்கோ போடும் விண்ணப்பத்தில். வெளியே நின்ற நாட்களையும் நாட்டையும் நீங்களே எழுதி, கடவுச்சீட்டின் பிரதியையும் நீங்களே இணைத்து அனுப்புகிறீர்கள். நாட்களை எண்ணப் புரட்டும் அதே பக்கங்களில்தான் அதிகாரி முத்திரைகளையும் பார்க்கிறார்.

இப்படிப் போய் வந்த எல்லோர் மேலும் வழக்கு வருவதில்லை. வந்தாலும் எல்லாம் தோற்பதில்லை. சொந்த நாட்டுக் கடவுச்சீட்டை எடுத்ததும் ஒரு அனுமானம் உங்களுக்கு எதிராக எழும். அந்த நாட்டுக்கே அதில் பயணம் செய்தால் அது பலமாகும். ஆனால் அதை உடைக்க முடியும். எதையெல்லாம் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்று மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் கமாயோ வழக்கில் சொல்லியிருக்கிறது: இப்படி ஒரு விளைவு வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா, அவர் பயந்தது யாருக்கு, கடவுச்சீட்டைத் தானாக விரும்பி எடுத்தாரா, எதற்காகப் போனார், எத்தனை தரம், எவ்வளவு காலம், அங்கே ஒளிந்து மறைந்து கவனமாக நின்றாரா, பிஆர் போனால் அவருக்கு என்ன நேரும்.

இதை உங்கள் கதைக்குப் பொருத்திப் பார்த்தால் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. சாகக் கிடக்கும் அப்பாவைப் பார்க்கப் போனது விளங்கிக்கொள்ளக் கூடிய காரணம். மனைவி பிள்ளைகள் இங்கே. இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. மறுபக்கம், நீங்கள் பயந்தது ராணுவத்துக்கு, அதாவது அரசுக்கு. கடவுச்சீட்டும் அதே அரசு தந்தது. மூன்று பயணங்களில் என்னை அதிகம் உறுத்துவது மிகக் குறுகிய மூன்றாவதுதான். காணி மாற்றத்துக்கு உயிர் பிரச்சினை எதுவும் இல்லை. நொத்தாரிசிடம் போய்க் கையெழுத்து வைத்து, உங்கள் பெயரில் உறுதி பதிவாகியிருக்கிறது. 'பயந்தவர் தன் பெயரை அரசாங்கப் பதிவில் ஏற்றுவாரா' என்று எதிர்த்தரப்பு கேட்கும். அற்றோர்னித் தத்துவம் (உங்களுக்காகச் செய்ய இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக் கொடுத்து இங்கிருந்தே செய்திருக்கலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே நவம்பருக்கு முன் போட்டுவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். கார்ட் முடிந்தால் பிஆர் முடியாது. கார்ட் என்பது விமானத்தில் ஏறி வர உதவும் ஒரு சான்று, அவ்வளவுதான். வேலை செய்யலாம், வரி கட்டலாம், வாகனம் ஓட்டலாம். 9இல் தொடங்காத சமூகக் காப்புறுதி இலக்கத்துக்குக் காலாவதியும் இல்லை. கார்ட் இல்லாமல் முடியாத ஒரே பெரிய காரியம் வெளிநாடு போய் விமானத்தில் திரும்புவது. உங்கள் நிலையில் இப்போது அதைச் செய்யவே கூடாது. குறிப்பாக இலங்கைக் கடவுச்சீட்டில் இலங்கைக்கு. நாலாவது தரம் போனால், இந்தப் பதிலை வாசித்த பிறகு, "எனக்குத் தெரியாது" என்ற வாதம் உங்கள் கையில் இருக்காது. தவிர்க்கவே முடியாத பயணம் வேறு நாட்டுக்கு என்றால் கனடா தரும் அகதிப் பயண ஆவணம் இருக்கிறது. இலங்கைக்கு அது செல்லாது.

செசேஷன் வழக்கு நடத்திப் பழக்கமுள்ள ஒரு லோயரிடம் முதலில் போங்கள். கார்ட் விண்ணப்பமா, நேரே குடியுரிமையா, எதை எப்போது போடுவது என்பதை அவர் முழுக் கோப்பையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். குடியுரிமைக்கு ஐந்து ஆண்டில் 1095 நாட்கள் வேண்டும், உங்களிடம் 1408 இருக்கிறது. செல்லுபடியான கார்ட் கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. குடிமகனாகிவிட்டால் இந்த வழக்கை உங்கள் மேல் போட முடியாது. ஆனால் அங்கேயும் கடவுச்சீட்டைப் பார்ப்பார்கள், செசேஷன் தொடங்கினால் குடியுரிமை விண்ணப்பத்தை நிறுத்தி வைக்க முடியும். ஆகவே அது பின்கதவு என்று நினைத்து ஓட வேண்டாம். பயணத்தை மறைக்கும் யோசனை வந்தால் அதையும் இப்போதே விட்டுவிடுங்கள். பொய்த் தகவல் தனிக் குற்றச்சாட்டு. ஐந்து வருடத் தடை அதற்கு.

யாரிடம் போவது என்பதிலும் கவனம். பயண முகவர் கடையின் பின்மேசையில் படிவம் நிரப்பித் தருகிறவர் நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் உங்கள் கடவுச்சீட்டில் யாழ்ப்பாணப் பயணத்தைக் கண்டு கையை எடுக்க அவருக்குத் தெரியாது. லோயர் என்றால் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். ஆலோசகர் என்றால் குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் பதிவேட்டில். ஆலோசகர் எல்லோரும் அகதிகள் சபையின் முன் தோன்ற முடியாது. அதற்குத் தனி வகை உரிமம் வேண்டும், கேட்டுப் பாருங்கள்.

லோயர் "போடலாம்" என்றால், புதுப்பிக்கிற வேலை சிறியது. கார்ட் முடிய ஒன்பது மாதத்துக்குள் இருக்கும்போது போடலாம், கட்டணம் 50 டொலர், படிவம் ஐஎம்எம் 5444. விண்ணப்பிக்கும்போது நீங்கள் கனடாவில் இருக்க வேண்டும். திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் அற்ப காரணங்களுக்கு: ஐந்து வருட முகவரியிலும் தொழிலிலும் ஒரு மாத இடைவெளி (வேலையில்லாத மாதத்துக்கு "வேலையில்லை" என்று எழுத வேண்டும், வெற்றாக விடக் கூடாது), கையெழுத்து விடுபட்டது, படத்தின் அளவு பிழை. காகிதத்தில் அனுப்பினால் படம் 50க்கு 70 மில்லிமீற்றர், நாடியிலிருந்து உச்சி வரை 31க்கும் 36க்கும் இடையில். கனடியக் கடவுச்சீட்டுப் படமும் இதே அளவுதான். வதிவுக்குச் சான்றாக வரித் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிவித்தல்கள், சம்பளச் சிட்டைகள், வாடகை ஒப்பந்தம் போதும்.

இனி அம்மா. அவருக்குச் செசேஷன் கவலை இல்லை, அவர் ஸ்பொன்சரில் வந்தவர். அவருக்கு நாட்கள்தான் கவலை, அதுவும் மெய்யான கவலை. அதே செப்டம்பர் 10ஐ வைத்து எண்ணினால் 2020 செப்டம்பர் 11இலிருந்து 2022 மார்ச் 4 வரை 540 நாட்கள். 190 குறைவு. ஒவ்வொரு நாளும் தாமதிக்க, பின்பக்கத்தால் ஒரு நாள் கழன்று 539, 538 என்று இறங்கிக்கொண்டே போகும். கனடியக் குடிமகனான கணவனோடு வெளிநாட்டில் நின்ற நாட்களையும், கனடிய நிறுவனம் முழுநேர வேலைக்கு வெளிநாடு அனுப்பிய நாட்களையும் சேர்த்து எண்ணலாம். அப்பா குடிமகன் அல்ல, ஆகவே அது உதவாது. மகனோ மருமகளோ குடிமக்கள் என்பதாலும் பயனில்லை.

கார்ட் முடிந்ததால் அவர் விமானமேற பிஆர் பயண ஆவணம் கேட்க வேண்டும். அதுவும் 50 டொலர், வெளிநாட்டிலிருந்து போடுவது. நாட்கள் குறைவு என்று ஒளிக்காமல் எழுதி, மனிதாபிமானக் காரணங்களைப் பார்க்கும்படி அதே விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். சட்டம் அதற்கு இடம் தருகிறது. அப்பாவின் சிகிச்சைப் பதிவுகள், மரணச் சான்றிதழ், பேரப்பிள்ளைகளோடு 2018இலிருந்து 2022 வரை வாழ்ந்ததற்கான சான்றுகள் (பள்ளிக்கூடத்தில் கூட்டிவரும் ஆளாகப் பாட்டியின் பெயர் பதிவாகியிருந்தால் அந்தக் காகிதம் பெரிய சொத்து), இங்கே அவருக்கு இருந்த வங்கிக் கணக்கு, குடும்ப மருத்துவர். தமிழில் உள்ளவற்றை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ முறையாக மொழிபெயர்த்து இணைக்க வேண்டும். அதிகாரி பிடிக்கப்போகும் இடம் ஒன்று: 2024 ஏப்ரலில் கணவர் போய்விட்டார், பிறகு ஏன் ஒன்றரை வருடம் வரவில்லை? முழங்கால் வருத்தம் என்றால் வைத்தியரின் திகதியிட்ட கடிதம் வேண்டும், "மூட்டு வருத்தம்" என்ற ஒற்றை வரி போதாது. கார்ட் முடிந்ததால் வர முடியாது என்று நம்பினோம் என்றால் அதையும் உள்ளபடி எழுதுங்கள். பலவீனமான காரணம்தான், ஆனால் உண்மை.

மறுத்தால், எழுத்து மூலமான முடிவு கிடைத்து 60 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போக வேண்டும். அதுவரை அவர் பிஆர்தான். 60 நாட்கள் சும்மா போனால் அந்தஸ்தும் போய்விடும். கடைசி 365 நாட்களில் ஒருதரமாவது கனடாவில் நின்றிருந்தால், மேன்முறையீடு நடக்கும்போதே திரும்பி வர ஆவணம் தருவார்கள். அம்மாவுக்கு அது கடந்துவிட்டது, ஆகவே ஊரில் இருந்தபடியே வழக்கைப் பார்க்க நேரலாம்.

வழக்கு வேண்டாம், பேரப்பிள்ளைகளைப் பார்த்தால் போதும் என்று அவர் நினைத்தால் பிஆரைத் தானாகக் கைவிட்டு சூப்பர் விசா (பெற்றோரும் பாட்டன் பாட்டியும் வந்து நீண்ட காலம் நிற்கும் விசா) கேட்கலாம். ஒரு நுழைவில் ஐந்து வருடம் வரை நிற்கலாம், குறைந்தது 100,000 டொலர் மருத்துவக் காப்புறுதி வேண்டும். 71 வயதில் அந்தக் காப்புறுதித் தவணை கனதியாகவே இருக்கும். கைவிட்ட பிஆரைத் திருப்பி எடுக்கவும் முடியாது. இதற்கு அழைப்பவர் மகனோ மகளோ வயது வந்த பேரப்பிள்ளையோதான், மருமகள் அல்ல. உங்கள் பிஆர் ஆட்டங்கண்டால் அம்மாவின் இந்த வழியும் ஆட்டங்காணும்.

இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று தொடுகிற இடம் இன்னொன்றும் உண்டு. அம்மாவின் விண்ணப்பத்துக்கு மகனின் கடிதம் என்று "நானும் அப்பாவைப் பார்க்க இரண்டு தரம் போனேன்" என்று நீங்கள் எழுதிக் கையெழுத்து வைத்தால், அது உங்கள் பயணங்களுக்கு நீங்களே கொடுக்கும் வாக்குமூலம். அம்மாவுக்காக எந்தக் கடிதமும் அனுப்பும் முன் உங்கள் லோயர் அதை வாசிக்கட்டும். அம்மாவின் கோப்பையும் அவரிடமே கொடுத்தால் இன்னும் நல்லது.

முதல் சந்திப்புக்குப் போகும்போது 2012இல் அகதிகள் சபை தந்த தீர்ப்பு, அப்போது கொடுத்த பிஐஎஃப் படிவத்தின் (அகதிக் கோரிக்கையின் கதையை எழுதிய படிவம்) பிரதி, பிஆர் உறுதிப்படுத்தல் தாள், பழைய புதிய கடவுச்சீட்டுகளின் எல்லாப் பக்கங்களும், கடவுச்சீட்டுக்குத் துணைத் தூதரகத்தில் நிரப்பிக் கொடுத்த படிவம் இருந்தால் அதுவும், அப்பாவின் வைத்தியசாலைப் பதிவுகள், யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டில் எத்தனை நாள் நின்றீர்கள் என்ற குறிப்பு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். காணி உறுதியின் பிரதியை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். லோயர் அதை உங்களிடமிருந்து அறிந்துகொள்ள வேண்டும், எதிர்த்தரப்பிடமிருந்து அல்ல.